கிழமைக்கு ஒரு மணித்தியாலம்

போர் ஒரு நாட்டினுட் புகுங்கால் வீடும் பொருளும் அழிவதை யாவரும் காண்பர். அவற்றோடு சேர்ந்து அழிகின்ற மற்றொன்று எளிதிற் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. வருகின்ற செவ்வாய்க்கிழமை மாலை ஆறு மணிக்கு இன்னாரைச் சந்திக்கலாம் என்னும் சிறிய உறுதியே அது. அமைதியுள்ள நாட்டில் வாழ்வோர் இவ்வுறுதியைப் பெரிதாக எண்ணுவதில்லை. இழந்தவரே அதன் அருமையை அறிவர். இடிந்த வீட்டைக் கட்டிக் கொடுக்கத் தனியொருவரால் இயலாது. ஆயின் இழந்த உறுதியில் ஒரு சிறு பங்கை, கிழமைக்கு ஒரு மணித்தியாலம் ஒதுக்க வல்ல எவரும் மீட்டுக் கொடுக்கலாம். உக்ரேன் நாட்டு மக்களோடு இணையத்தின் வழியே ஆங்கிலம் பேசிப் பழகும் தொண்டர்கள் செய்துவருவது இப்பணியே.

2022 பெப்ரவரி 24ஆம் நாள் ரஷ்யா உக்ரேன் மீது முழு அளவிலான படையெடுப்பைத் தொடங்கியது. மில்லியன் கணக்கானோர் போலந்து, ஜேர்மனி முதலிய நாடுகளிற் புகலிடம் தேடினர். நாட்டில் எஞ்சியோரின் அன்றாட வாழ்வும் நிலைகுலைந்தது. அவ்வாண்டு ஒக்டோபர் முதல் மின்நிலையங்கள் மீண்டும் மீண்டும் தாக்கப்பட்டமையால், நகரங்கள் பல மணித்தியாலம் இருளில் மூழ்கின. எல்லையை அடுத்த கார்க்கிவ் நகரில் 2023 செப்டெம்பரிற் பிள்ளைகளுக்கான வகுப்புகள் சுரங்க இரயில் நிலையங்களிலே தொடங்கப்பட்டன.

குண்டு விழும் நாட்டினர்க்கு ஆங்கிலம் எதற்கு எனச் சிலர் வினவலாம். அகதியாகச் சென்றவர் புகுந்த நாட்டின் மொழியைக் கற்றுத் தேறும்வரை, வைத்தியரிடமும் தொழில் தருவோரிடமும் பேசப் பலவிடத்து ஆங்கிலமே கைகொடுக்கின்றது. நாட்டிலே தங்கியவர்க்கும் அதன் தேவை வளர்ந்தே வருகின்றது. 2022 ஜூனில் உக்ரேன் ஐரோப்பிய ஒன்றியத்திற் சேர்வதற்கான வேட்பாளர் தகுதியைப் பெற்றது. ஆங்கிலத்தைச் சர்வதேசத் தொடர்பு மொழிகளுள் ஒன்றாக ஏற்கும் சட்டம் 2024 ஜூனிற் கையொப்பமாயிற்று. குறித்த சில அரச பதவிகளுக்கு ஆங்கில அறிவு வேண்டும் என அச்சட்டம் விதிக்கின்றது.

பாடசாலையில் இலக்கணம் கற்றும் வாய் திறந்து பேசத் தயங்குவோர் எந்நாட்டிலும் உளர். அத்தயக்கத்தைப் போக்கும் பொருட்டு 2020இல் கத்தெரினா மனோவ் என்பவர் 'எஞ்ஜின்' என்னும் அமைப்பைத் தொடங்கினார். கற்போர் ஒருவரையும் தொண்டர் ஒருவரையும், அவர்தம் விருப்பங்களையும் ஓய்வு வேளையையும் நோக்கி, அவ்வமைப்பு இணைத்துவிடுகின்றது. இருவரும் கிழமைதோறும் கணினித் திரையில் முகம் பார்த்து உரையாடுவர். தொண்டர் ஆசிரியராக இருத்தல் வேண்டியதில்லை. ஆங்கிலம் அவர்தம் தாய்மொழியாக இருத்தலும் வேண்டியதில்லை. சரளமாகப் பேச வல்லவராயின் போதும்.

இப்பணியில் தமிழ் பேசுவோர்க்கு ஒரு தனி வாய்ப்பு உண்டு. ஆங்கிலத்திற் பெயர்ச்சொல்லின் முன் வரும் 'எ', 'த' என்னும் சிறுசொற்கள் உக்ரேனிய மொழியில் இல்லை. 'நான் ஆசிரியர்' என்று தமிழர் கூறுவது போலவே உக்ரேனியரும் இடையில் வினைச்சொல் இன்றிக் கூறுவர். ஆகவே அவர் ஆங்கிலத்தில் 'ஐ டீச்சர்' என்று கூறினால், அத்தவறு எவ்வழியாக வந்தது என்பதைத் தமிழர் உடனே உணர்வர். வேற்றுமைக்கேற்பப் பெயரின் ஈறு மாறுவதும், அழைத்தற்கென விளி வேற்றுமை ஒன்று இருப்பதும் இரு மொழிக்கும் பொது.

ஆயினும் மொழியறிவினும் மேலாக வேண்டுவன சில உள. முதலாவது, போரைப் பற்றித் தானாகக் கேளாதிருத்தல். சகோதரர் எங்கே, வீடு எவ்வாறு உள்ளது என்னும் வினாக்கள் பரிவினின்று எழலாம். கேட்கப்படுபவர்க்கோ அவை ஆறாத புண்ணைத் தொடுவனவாகலாம். அவர் தாமாகச் சொல்ல முன்வந்தால் அமைதியாகக் கேட்டல் வேண்டும். சமையல், பூனை, உதைபந்தாட்டம், படித்த நூல் ஆகியவற்றைப் பேசினாலும் மொழி வளரும். மனமும் சற்று இளைப்பாறும். இரண்டாவது, சொல்லுக்குச் சொல் திருத்தாதிருத்தல். வாக்கியம் முடிந்தபின் ஓரிரு பிழைகளை மட்டும் மெல்ல எடுத்துக் காட்டலாம். மூன்றாவது, அபாயச் சங்கு ஒலித்தால், 'பேச்சைப் பின்னர் தொடரலாம், பாதுகாப்பான இடத்துக்குச் செல்லுங்கள்' என்று உடனே விடைகொடுத்தல். மின்சாரம் நின்று உரையாடல் அறுந்தால் அதனைக் குறையாகக் கொள்ளாதிருத்தலும் இதனோடு சேர்ந்ததே.

இது கொடுப்பவர் ஒருவர், பெறுபவர் ஒருவர் என்னும் உறவும் அன்று. 2015இல் தொடங்கப்பட்ட 'நதகல்லம்' என்னும் நிறுவனம் சிரியா நாட்டு அகதிகளையே அரபு மொழி உரையாடலுக்குத் துணைவராக்கி, அதற்கு ஊதியமும் வழங்கியது. அகதிக்கும் பிறர்க்குக் கற்பிக்கத்தக்க செல்வம் உண்டு என்பதை அது காட்டிற்று. உக்ரேனியரோடு பேசும் தொண்டரும் அவர்தம் மொழியில் வணக்கத்தையும் நன்றியையுமாவது கேட்டுக் கற்றுக்கொள்வது நன்று. கற்பிக்கும் தானத்தில் அமரும் ஒருவர், தம்மை இரக்கத்துக்குரியவராக மட்டும் எண்ணமாட்டார்.

இலங்கையிலிருந்து இப்பணியில் ஈடுபட விழைவோர் நேர வேறுபாட்டை மனத்திற் கொள்ளல் வேண்டும். கீவ் நகரின் கடிகாரம் குளிர்காலத்தில் இலங்கை நேரத்துக்கு மூன்றரை மணித்தியாலமும், கோடையில் இரண்டரை மணித்தியாலமும் பிந்தியிருக்கும். அங்கே மாலை ஆறு மணியாகும்போது இங்கே இரவு உணவு வேளை கடந்திருக்கும். அவ்வேளையிற் கிழமைதோறும் தவறாது அமர முடியுமா என்பதை ஒருவர் முன்னரே ஆராய்தல் வேண்டும். இருமுறை வந்து, மூன்றாம் முறை சொல்லாமல் நின்றுவிடுபவர், காத்திருந்து காத்திருந்து களைத்தவரை மேலும் ஒருமுறை காக்கவைக்கின்றார். இயலாதென்று கண்டவர் தொடங்காதிருப்பதே நன்று. இயலுமென்று கண்டவரோ தயங்க வேண்டியதில்லை. ஆங்கிலத்திற் புலமை குறைவெனினும் சொன்ன வேளைக்கு வந்து அமர்பவரையே அங்குள்ளோர் எதிர்பார்த்திருக்கின்றனர்.