சுவரில் முளைத்த ஆலும் தொட்டியில் வளரும் மரமும்

(ஊராட்சி ஒன்றியப் பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அலுவலர் நிகழ்த்திய சொற்பொழிவு)



கிணற்றுச் சுவர், பள்ளிக் கட்டடம், கோயில் மதில் ஆகியவற்றில் ஆலோ அரசோ முளைத்து நிற்பதை நாள்தோறும் காண்கிறோம். பறவையின் எச்சத்தோடு காரைப் பிளவில் விழுந்த விதை அது. இரண்டு இலைப் பருவத்தில் விரலால் பிடுங்கிவிடலாம். சில ஆண்டுகள் விட்டுவிட்டாலோ சுவரையே பிளந்துவிடும். செப்பனிடும் செலவு ஊராட்சி நிதியின் தலையில் விழும். மேலே வெட்டினால் மட்டும் போதாது, வேரிலிருந்து மறுபடியும் தழைக்கும். ஆகவே மழைக்காலத் தொடக்கத்தில் வேரோடு பெயர்த்தெடுத்துப் பிளவைச் சிமெண்டுக் கலவையால் அடைத்துவிட வேண்டும். பெயர்த்த கன்றை எறிந்துவிடாதீர்கள் என்று சொல்லவே இன்று வந்திருக்கிறேன்.

இத்தகைய கன்றைத் தாழ்ந்த தொட்டியில் நட்டு, ஒரு முழ உயரத்திலேயே முதிர்ந்த மரத்தின் தோற்றம் பெறச் செய்யும் கலைக்குப் போன்சாய் என்று பெயர். சீனத்தில் தோன்றி ஜப்பானில் செழித்தது. 1923ஆம் ஆண்டுப் பெரும் நிலநடுக்கம் டோக்கியோ நகரைச் சிதைத்தபின், அங்கு இத்தொழில் செய்தவர்கள் சிலர் நல்ல மண்ணும் நீரும் தேடி, ஓமியா என்னுமிடத்தில் 1925இல் தமக்கென ஒரு கிராமமே அமைத்துக்கொண்டனர். அவர்கள் தமக்குத் தாமே விதித்துக்கொண்ட விதிகள் நம் ஊராட்சி உறுப்பினர்கள் கவனிக்கத் தக்கவை. வீட்டுக்குப் பத்துத் தொட்டியேனும் வளர்க்க வேண்டும், வாயிற்கதவு யாவர்க்கும் திறந்திருக்க வேண்டும், மாடி கட்டலாகாது, உயிர்வேலியே வேலியாக வேண்டும். இன்று அவ்வூரை நாடி வெளிநாட்டாரும் வருகின்றனர். 2010இல் இக்கலைக்கென நகராட்சியின் அருங்காட்சியகமும் அங்கே திறக்கப்பட்டது.

மரத்தைப் பட்டினி போட்டுக் குட்டையாக்குகிறார்கள் என்று பலர் எண்ணுகின்றனர். அது தவறு. 1625ஆம் ஆண்டு முதல் தொட்டியில் பேணப்படும் வெண்பைன் மரம் ஒன்று, 1945இல் ஹிரோஷிமாவில் விழுந்த அணுகுண்டுக்கும் தப்பி, 1976இல் அமெரிக்காவுக்கு அன்பளிப்பாக அளிக்கப்பட்டு வாஷிங்டனில் இன்றும் தழைத்து நிற்கிறது. பட்டினி கிடந்த மரம் அவ்வளவு காலம் வாழுமா? கத்தரிப்பினால்தான் அது சிறிதாக இருக்கிறது.

இனிச் செய்முறை. ஆணிவேரைக் குறுக்கி, சல்லி வேர்களைக் காயவிடாமல் ஈரச் சாக்கில் சுற்றிக் கொண்டுவாருங்கள். அடியில் துளையுள்ள மண்தொட்டியில் துளைமேல் ஓட்டுச்சில்லு வைத்து, செம்மண், பருமணல், மக்கிய தொழு உரம் மூன்றையும் சம அளவில் கலந்து நடலாம். களிமண் கூடவே கூடாது. நீர் தேங்கினால் வேர் அழுகும். இரண்டு மூன்று வாரம் நிழலில் வைத்து, பின்னர் வெயிலுக்குப் பழக்குங்கள். கூடத்து மூலையில் அலங்காரமாக வைத்த மரம் நெடுநாள் நிற்காது. முற்றமே அதன் இடம்.

கிளை நீண்டு ஆறேழு இலை விட்டதும், இரண்டு மூன்று இலைகளை விட்டு நுனியைக் கிள்ளிவிட வேண்டும். வளைக்க விரும்பினால் செம்புக் கம்பியைத் தளர்வாகச் சுற்றலாம். பட்டையில் பதியுமுன் அதை அவிழ்க்க மறவாதீர்கள். அந்தத் தழும்பு எளிதில் மறையாது. இரண்டாண்டுக்கு ஒருமுறை மரத்தை எடுத்து, வேரில் மூன்றில் ஒரு பங்கைக் கத்தரித்துப் புது மண் இடுதல் வேண்டும். மேல்மண் காயத் தொடங்கியதும் நீர் ஊற்றுங்கள், கோடையில் இருவேளை. அடித்தட்டில் நீர் நிற்க விட்டால் டெங்குக் கொசுவையும் சேர்த்தே வளர்ப்போம்!

ஆலும் அரசும் வீட்டில் ஆகா என்பர் பெரியோர். சுவரைக் காக்கச் சொன்ன சொல்லாகவே அதனை நான் கொள்கிறேன். தொட்டிக்குள் அடங்கிய வேர் எந்தச் சுவரையும் பிளக்காது. புளியங்கன்றும் இம்முறைக்கு மிகவும் ஏற்றதே.

ஒன்று சொல்லிவிடுகிறேன். தொட்டி மரம் நிழல் தராது, மாட்டுக்குத் தழையும் தராது. சாலையோரப் புளியை வெட்டிவிட்டு இதனை வளர்ப்பது வளர்ச்சிப் பணியாகாது. பெயர்த்தெடுக்கும் கன்றுகளில் நன்றாக வேரோடியவற்றை ஏரிக்கரையிலும் சந்தைத் திடலிலும் நட்டு, மிஞ்சியவற்றையே தொட்டிக்குக் கொண்டுவாருங்கள். மழை தொடங்குமுன் ஊராட்சிக் கட்டடங்களை ஒருமுறை சுற்றிப் பார்த்து, எங்கெங்கே கன்று நிற்கிறது என்று குறித்து வைத்தால், முதல் மழையிலேயே வேலையைத் தொடங்கிவிடலாம்.