மலை கொடுத்தது, நமக்குக் கிடைத்தது



திருவனந்தபுரத்தில் நாம் போடும் விளக்கின் வெளிச்சத்தில் இடுக்கி மலைக்கும் பங்குண்டு. நாங்கள் ரயில்வே ஊழியர்கள். ஆனால் அந்த மாவட்டத்தில் இறங்க எங்களால் டிக்கெட் கொடுக்க முடியாது. அங்கே ரயில் நிலையமே இல்லை. முன்பு மூணாறில் ஓடிய சின்ன ரயிலை 1924 பெருவெள்ளம் அழித்துவிட்டது. ரயில் போனாலும் மலையின் செல்வம் கீழே இறங்குவது நிற்கவில்லை.

அந்தச் செல்வம் எது? தேயிலை, ஏலம், மிளகு. அடுத்தது தண்ணீர். 1895-ல் கட்டி முடித்த முல்லைப் பெரியாறு அணை தேனி, மதுரை வயல்களை நனைக்கிறது. 1940-ல் பள்ளிவாசலில் கேரளத்தின் முதல் நீர்மின் நிலையம் வந்தது. 1976-ல் தொடங்கிய இடுக்கி மின் திட்டத்தின் திறன் 780 மெகாவாட். தென்னிந்தியாவிலேயே உயர்ந்த ஆனைமுடி, 2,695 மீட்டர், அங்கேதான் நிற்கிறது. அதையொட்டி 1978-ல் இரவிகுளம் தேசியப் பூங்காவாயிற்று. அந்த 97 சதுர கிலோமீட்டரில் வரையாடு அச்சமின்றி மேய்கிறது.

வரையாட்டுக்கு இடம் கிடைத்ததில் நமக்கு மகிழ்ச்சிதான். நாம் கேட்பது ஒன்றே: கொழுந்து பறித்தவளுக்கு இடம் எங்கே?

திருநெல்வேலி, மதுரைச் சீமைகளிலிருந்து கங்காணிகள் கூட்டிப்போன குடும்பங்கள் காட்டைத் தோட்டமாக்கின. 1951-ல் வந்த தோட்டத் தொழிலாளர் சட்டம், முதலாளி வீடு கொடுக்க வேண்டும் என்றது. அந்த வீடு சொந்தமாக வேண்டும் என்று சொல்லவில்லை. ஆகவே வேலை உள்ளவரைதான் லயம். ஓய்வு பெற்றால், பிள்ளைகளில் ஒருவர் தோட்டத்தில் பேர் பதிந்தாலொழிய, சட்டி பானையைத் தூக்க வேண்டியதுதான். பிள்ளையின் படிப்பு நிற்பதும் இதனால்தான்.

2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடியில் மலை சரிந்தது. லயங்கள் மண்ணுக்குள் போயின. 70 பேரை இழந்தோம். கயத்தாற்றுப் பக்கத்து ஊர்களில் வீட்டுக்கு வீடு ஒப்பாரி. எங்கே குடியிருப்பது என்று தீர்மானிக்கும் உரிமை அவர்களுக்கு இருந்ததா?

கேட்டால் கிடைக்குமா என்கிறீர்கள். 2015 செப்டம்பரில் மூணாறுப் பெண்கள் சாலையில் உட்கார்ந்தார்கள். பெரிய சங்கங்களின் தலைவர்களை விலகி நிற்கச் சொன்னார்கள். கேட்ட 20 சதவீதத்தை வாங்கிக்கொண்டுதான் எழுந்தார்கள்.

இந்த நகரத்தில் புறம்போக்கில் குடிசை போட்டிருக்கும் நமக்கும் அதே கேள்விதான். ரேஷன் அட்டை, வாக்காளர் அட்டை, வேலைச் சீட்டு, எல்லாவற்றையும் ஒரே பையில் பத்திரப்படுத்துங்கள். மனுவைத் தனித்தனியாக அல்ல, தெருவே சேர்ந்து கொடுப்போம். உழைத்த மண்ணில் உறங்க ஒரு சென்ட் பட்டா! மலையிலும் அதுதான், இங்கும் அதுதான் நம் கோரிக்கை.