தொட்டுக் கற்பிக்கும் கலை

(வெள்ளி விழாக் கல்வி அரங்கில் ஆற்றிய உரை)

     

விழாக் குழுவினர் நமக்கு அளித்த தலைப்பு 'உடற்பயிற்சியும் கல்வியும்' என்பதாகும். இத்தலைப்பில் வழக்கமாகச் சொல்லப்படுவனவற்றை நீங்கள் பலமுறை கேட்டிருப்பீர்கள். ஆதலின் அவற்றை விடுத்து, சீன நாட்டில் தோன்றிய தாய்ச்சி என்னும் தற்காப்புக் கலை எவ்வாறு கற்பிக்கப்பட்டு வந்தது என்பது குறித்துச் சிறிது பேச விரும்புகிறோம். சீனத் தற்காப்புக் கலை என்றவுடன் மாணவர் முகங்களில் ஒரு மலர்ச்சி தோன்றுவதைக் காண்கிறோம். புரூஸ் லீயின் திரைப்படங்களில் வரும் பாய்ச்சலும் உதையும் இங்கே கிடையா என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். நாம் அக்கலையில் பயிற்சி உடையவரும் அல்லோம். கற்பிப்பதைத் தொழிலாகக் கொண்டவர் என்னும் முறையில், அதனைக் கற்பித்தவர்களின் வரலாற்றை நூல்களில் படித்தோம். படித்தது உள்ளத்தை விட்டு அகலவில்லை.

சீனத்தின் ஹெனான் மாநிலத்தில், மஞ்சள் ஆற்றுக்கு வடக்கே, வென் என்னும் வட்டத்தில், சென் குடும்பத்தார் வாழும் சிற்றூர் ஒன்று உண்டு. ஊரின் பெயரே சென் குடும்பப் பெயரைக் கொண்டதுதான். அவ்வூரில் ஒரு போர்க்கலை தந்தையிடமிருந்து மகனுக்கும், பெரியப்பனிடமிருந்து தம்பி மகனுக்குமாக வழிவழியாகக் கற்பிக்கப்பட்டு வந்தது. வெளியார்க்குக் கற்பிக்கும் வழக்கம் இல்லை. இதனைக் கொடுமை என்று உடனே கூறிவிடலாகாது. கொள்ளையர் அச்சம் மிகுந்திருந்த நாட்டில், ஓர் ஊரைக் காக்கும் கலை பகைவன் கைக்குப் போய்விடக் கூடாது என்று எண்ணியிருப்பர். ஆயினும், காரணம் எதுவாயினும், பிறப்பு என்பது அங்கே நுழைவுச் சீட்டாக இருந்தது என்பது உண்மை.

அந்தக் கதவைத் திறந்துகொண்டு உள்ளே சென்றவர் யாங் லூச்சான் (1799-1872) என்பவர். ஹெபெய் மாநிலத்து யோங்நியான் ஊரினர். எளிய குடும்பத்தில் பிறந்தவர். யோங்நியானில் சென் குடும்பத்தார் நடத்திய மருந்துக் கடையின் தொடர்பால் அவர் சென் ஊருக்குச் சென்றார் என்றும், அங்கே சென் சாங்ஷிங் (1771-1853) என்னும் ஆசானிடம் பல்லாண்டு பயின்றார் என்றும் மரபு கூறுகிறது. மக்கள் வழங்கும் கதையோ இன்னும் சுவையானது. வேலைக்காரனாக அவ்வீட்டிற் புகுந்த யாங், இரவில் சுவரிடுக்கின் வழியே பயிற்சியைக் கண்டு, ஒருவரும் அறியாமல் தாமே பழகினாராம். ஒருநாள் அகப்பட்டுக்கொண்டாராம். சீன எழுத்தாளர் பாய் யூ இதனை வைத்து ஒரு நாவலே எழுதினார். அதில் அவர் ஊமை போல் நடிப்பதாகவும் வரும். கதை கதையே, அதனை வரலாறாகக் கொள்ளல் ஆகாது.

எனினும் அக்கதையின் முடிவை நாம் கருதிப் பார்த்தல் வேண்டும். மறைந்திருந்து கற்றவன் அகப்பட்டான். ஆசான் அவனைத் தன் மாணாக்கரோடு மோதவிட்டுப் பார்த்தார். அவன் வென்றான். உடனே அவனைத் தம் மாணாக்கனாக ஏற்றுக்கொண்டார். நாம் கேட்டு வளர்ந்த கதையிலும் மறைந்திருந்து கற்றவன் ஒருவன் உண்டு; அவன் பெயர் ஏகலைவன். அவனிடம் கேட்கப்பட்டது கட்டை விரல். இதற்குமேல் இதைப்பற்றி நாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை. இவ்வவையில் இருப்போர் அறிவர்.

இனி, அக்கலை எவ்வாறு பயிற்றப்படுகிறது என்பதைப் பார்ப்போம். புதிதாக வந்த மாணவனை ஆசான் முதலில் நிற்கச் சொல்வார். நட்ட கம்பம் போல், முழங்கால் சற்றே மடங்க, தோள்கள் தளர, ஒரு மரத்தைக் கட்டிப் பிடித்தாற் போல் கைகளை வளைத்து நிற்றல் வேண்டும். நிற்பதில் என்ன கல்வி என்று கேட்பீர்கள். சில நிமிடங்கள் நின்று பாருங்கள். தோள் தானே உயரும், மூச்சு நெஞ்சுக்கு ஏறும், தொடை நடுங்கும். உடலில் எங்கே வீண் இறுக்கம் உள்ளது என்பதை அவன் அப்போதுதான் அறிகிறான். பின்னரே அசைவுகளின் கோவை தொடங்கும். ஒரு கால் உடலின் பாரத்தை ஏற்க, மற்றொரு கால் வெறுமையாகும். வெறுமையான காலே அடியெடுத்து வைக்கும். இவையெல்லாம் மிக மெதுவாகச் செய்யப்படும். விரைந்து செய்தால் பிழை மறைந்துவிடும். மெதுவாகச் செய்யும்போது பிழை ஒளிந்துகொள்ள இடமில்லை. வாய்பாட்டை ஒரே மூச்சில் ஒப்பிக்கும் பிள்ளையை நடுவில் நிறுத்திக் கேட்டுப் பார்த்த ஆசிரியர்க்கு இது புதிதன்று.

இங்கே ஆசான் வாயால் சொல்வது குறைவு. அவர் தோளைத் தொட்டு அழுத்துவார். இடுப்பைப் பற்றி ஒரு விரற்கடை திருப்புவார். முழங்கையைத் தாங்கி, இவ்வளவுதான் என்று காட்டுவார். அடுத்த படியில் இருவர் எதிரெதிரே நின்று, மணிக்கட்டோடு மணிக்கட்டுப் பொருத்திக் கைகளை வட்டமாகச் சுழற்றுவர். தள்ளுகைப் பயிற்சி என்று அதனைச் சொல்லலாம். எதிரியின் எண்ணம் அவன் கைவழியே நம் தோலுக்குத் தெரிய வேண்டும். அதனைச் சீனர் 'கேட்டல்' என்றே கூறுகின்றனர். காதால் அன்று, தோலால் கேட்டல். இப்பயிற்சியில் இரண்டு பிழைகள் பெரியனவாகக் கருதப்படும். வலிமைக்கு எதிரே வலிமையை வைத்து முட்டுதல் ஒன்று. தொடுதலை விட்டு விலகிவிடுதல் மற்றொன்று. ஆகவே இது தொடாமல் கற்பிக்க இயலாத கலை. ஆசானின் உடலிலுள்ள அறிவு, மாணவன் உடலுக்குத் தொடுதலால் அன்றி வேறு வழியிற் செல்லாது.

இதனைப் படித்த அன்று நமக்கு நம்முடைய முதல் வகுப்பு நினைவுக்கு வந்தது. பிள்ளையின் கையைப் பிடித்து எழுதப் பழக்குவது நம் நாட்டு வழக்கம். எங்கள் ஊர்ப் பள்ளியில் அன்றிருந்த ஆசிரியர் ஒருவர் மற்றப் பிள்ளைகளின் கையைப் பிடித்து 'அ' எழுதப் பழக்கினார். சேரிப் பிள்ளைகளாகிய நம்மிடம் வந்ததும், பிரம்பின் நுனியால் மணலில் கோடிழுத்துக் காட்டிவிட்டு நகர்ந்தார். அவர் அடித்ததில்லை, வைததும் இல்லை. நல்லவர் என்றே ஊரில் பெயர். நம் 'அ' நெடுநாள் வரை வளைவு தவறியே நின்றது. அது நம் கைக்குற்றம் என்றே அப்போது எண்ணிக்கொண்டோம்.

தாய்ச்சியின் வரலாறும் களங்கம் அற்றதன்று. யாங் லூச்சான் தம் ஊரில் கற்பித்தபோது, வூ யூஷியாங் என்னும் செல்வர் அவரிடம் பயின்றார். அவருடைய தமையன்மார் அரசுத் தேர்வில் தேறிப் பதவி வகித்தோர். எளியவன் ஆசானாகவும் செல்வன் மாணாக்கனாகவும் அமைந்த காட்சி அது. ஆனால் பின்னர் யாங் பெய்ஜிங் சென்று மஞ்சு இனத்துப் பிரபுக்களுக்குக் கற்பித்தபோது நடந்ததாகக் கூறப்படுவது வேறு. சுவான்யூ முதலிய படைவீரர் மூவரும் அவரிடமே பயின்றனர். எனினும் பிரபுக்களோடு ஒரே ஆசானின் மாணாக்கராக அவர்கள் எண்ணப்படுதல் தகாது என்று, அம்மூவரையும் ஆசானின் மகன் பான்ஹௌவின் மாணாக்கராகப் பதிவு செய்தனராம். கற்பித்தவர் தந்தை, பெயர் மகனுடையது! ஆசானைத் தந்தை என்னும் பொருள்பட அழைத்து, உடன் பயில்வோரை அண்ணன் தம்பி என்றழைக்கும் மரபில் இது நடந்தது. முன்னே வந்து சேர்ந்தவன் வயதில் இளையவனாயினும் அண்ணன் என்பது அவர்கள் முறை. அத்தகைய குடும்பத்திலும் உயர்வு தாழ்வு புகுந்துகொண்டது. அந்தச் சுவான்யூவின் மகன் வூ ஜியான்சுவான் பிற்காலத்தில் ஒரு தனிப் பிரிவுக்கே முதல்வரானார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

1910-இல் ஷாங்காய் நகரில் ஜிங்வூ என்னும் சங்கம் தோன்றிப் பலவகைப் போர்க்கலைகளை வகுப்பாகக் கூட்டிக் கற்பித்தது. சில ஆண்டுகளிற் பெண்களும் சேர்ந்தனர். தாய்ச்சியையும் யாங் லூச்சானின் பேரர் யாங் செங்ஃபூ (1883-1936) பலரறியக் கற்பித்தார். அவர் கற்பித்ததை மாணாக்கர் சென் வெய்மிங் 1925-இல் நூலாக வெளியிட்டார். 1956-இல் சீன அரசின் விளையாட்டுத் துறை, நீண்ட கோவையைச் சுருக்கி 24 அசைவுகளாக்கிற்று. 2020-இல் யுனெஸ்கோ இக்கலையை மனித குலத்தின் மரபுச் செல்வப் பட்டியலிற் சேர்த்தது. இன்று முதியோர் தடுமாறி விழாதிருக்க மருத்துவரும் இதனைப் பரிந்துரைக்கின்றனர்.

கலை நீர்த்துவிட்டது என்று வருந்துவோர் உண்டு. அவர்களுட் பலர் வாயிலுக்கு உள்ளே பிறந்தவர்கள். வெளியே நின்றவனுக்கு 24 அசைவுகளும் புதையலே. ஆயினும் அவர்கள் கூற்றில் ஓர் உண்மை இருப்பதை மறுப்பதற்கில்லை. பூங்காவில் இருநூறு பேர் வரிசையாக நின்று ஆடும்போது ஆசான் எத்தனை தோள்களைத் தொட இயலும்? கதவு அகன்றது, கை எட்டாமற் போயிற்று. 40 பிள்ளைகள் அமர்ந்திருக்கும் வகுப்பில் நிற்கும் நமக்கும் இதுவே நாளும் உள்ள இடர்ப்பாடு. இதற்கு விடை கண்டுவிட்டோம் என்று சொல்லும் துணிவு நமக்கு இல்லை.

நாம் இப்போது தலைமையாசிரியராக இருப்பது ஓர் அரசு நடுநிலைப் பள்ளி. தலைமையாசிரியர்க்குரிய பதிவேட்டு வேலைகள் எத்தனை இருந்தாலும், ஆனித் திங்களில் முதல் வகுப்பிற்குச் சென்று, புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்கு நாமே கைபிடித்து எழுதப் பழக்குகிறோம். எந்தத் தெருவிலிருந்து வந்த பிள்ளை என்று கேட்பதில்லை. பலகையின்மேல் அக்கை எந்தப் பக்கம் இழுக்கிறது, எங்கே அஞ்சி நிற்கிறது என்பது பிடித்தவுடனே தெரிந்துவிடுகிறது. வளைவு வரும் இடத்தில் சற்று விட்டுக்கொடுத்தால் பிள்ளை தானே திருப்பிக்கொள்கிறது.