நூற்பாலை அணியின் கேப்டன்

மசாயே கசாய் 1933-ல் ஜப்பானின் யமனாஷி மாவட்டத்தில் பிறந்தவர். பள்ளியில் வாலிபால் ஆடியவர், படிப்பு முடிந்ததும் நிச்சிபோ என்னும் பஞ்சாலைக் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தார். பல ஆலைகளில் சிதறியிருந்த ஆட்டக்காரிகளை அந்தக் கம்பெனி 1954-ல் ஒசாகா அருகே கைசூக்கா ஆலையில் ஒரே அணியாகத் திரட்டியது. கசாய் அங்கே மாற்றலாகி வந்தார். பின்னர் கேப்டனும் ஆனார்.

அவருடைய நாள் எப்படி ஓடியது என்பதைக் கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு கம்பெனி பஸ் ஏறுகிற பெண்களுக்கு அதிகம் விளக்க வேண்டியதில்லை. காலையில் ஆலை அலுவலகத்தில் எழுத்து வேலை. பிற்பகலில் வேலை முடிந்ததும் நேரே ஆடுகளம். நடுவே சாப்பிடக் கொஞ்ச நேரம். பயிற்சி நள்ளிரவைத் தாண்டும். விடிந்தால் மறுபடி அதே மேசை, அதே கணக்கு.

பயிற்சியாளர் ஹிரோபூமி டைமாட்சு. 1944-ல் நம் மணிப்பூரில் நடந்த இம்பால் போரிலிருந்து உயிர் தப்பியவர். அரக்கன் டைமாட்சு என்றே அவருக்குப் பெயர். எதிரணிகளின் உயரத்தை ஜப்பானியப் பெண்களால் எட்ட முடியாது. ஆனால் பந்தைத் தரையில் விழவிடாமல் காக்க முடியும் என்பது அவர் போட்ட கணக்கு. அதற்காக அவர் வகுத்ததுதான் உருண்டு பந்தெடுக்கும் முறை. பாய்ந்து பந்தை எடுத்து, தோள் தரையில் படும்படி உருண்டு, அதே வேகத்தில் எழுந்து அடுத்த பந்துக்கு நிற்க வேண்டும். தஞ்சாவூர் பொம்மை போல. ஒருத்தியை நடுவில் நிறுத்தி, எழ முடியாமல் போகும் வரை பந்தை எறிந்துகொண்டே இருப்பார். இன்று ஒரு பயிற்சியாளர் அப்படிச் செய்தால் அவர் மீது புகார் போகும், போகவும் வேண்டும்.

ஆனால் பலன் கிடைத்தது. 1960-ல் பிரேசிலில் நடந்த உலகப் போட்டியில் ஜப்பானுக்கு இரண்டாம் இடம். 1961-ல் ஐரோப்பியச் சுற்றுப்பயணத்தில் தொடர் வெற்றிகள். கீழ்த்திசைச் சூனியக்காரிகள் என்ற பட்டம் அப்போது ஒட்டிக்கொண்டது. 1962-ல் மாஸ்கோவில், சோவியத் அணியை அதன் சொந்த ஊரிலேயே வீழ்த்தி உலகப் பட்டம்.

அத்தோடு ஓய்வு பெறத்தான் அவர்கள் நினைத்தார்கள். கசாய்க்கு அப்போது 29 வயது; கல்யாணப் பேச்சு ஜப்பானிலும் காத்திருக்காது. ஆனால் 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் வாலிபால் முதன்முதலாகச் சேர்க்கப்பட்டிருந்தது. ஊரே விடவில்லை. இன்னும் இரண்டு ஆண்டு ஆடினார்கள்.

அந்த ஒலிம்பிக் அணியின் 12 பேரில் 10 பேர் நிச்சிபோ ஆலைக்காரர்கள். பெண்கள் பிரிவில் ஆடியவை 6 நாடுகள். எல்லாரும் எல்லாரோடும் மோத வேண்டும். ஜப்பான் மொத்தத்தில் இழந்தது ஒரே ஒரு செட், அதுவும் போலந்திடம். அக்டோபர் 23 அன்று, கடைசி ஆட்டத்தில் எதிரே சோவியத் அணி. முதல் இரண்டு செட்கள் 15-11, 15-8. மூன்றாவதில் ஜப்பான் 14-ஐத் தொட்ட பிறகு, ஒரு புள்ளிக்காக நாடே தவித்தது. சோவியத் அணி 13 வரை துரத்தி வந்தது. முடிவில் சோவியத் ஆட்டக்காரியின் கை வலையைத் தாண்டிவிட, நடுவரின் விசில் தங்கத்தைத் தீர்மானித்தது. வெற்றிக்கு இது கொஞ்சம் சப்பென்ற முடிவுதான். அரங்கில் யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை. டோக்கியோ வட்டாரத்தில் அந்த ஒளிபரப்பைப் பார்த்த வீடுகள் 66.8 சதவீதம்.

ஒலிம்பிக் முடிந்ததும் கசாய் விலகினார். பயிற்சியிலேயே வயது போய்விட்டது, மாப்பிள்ளை பார்க்க நேரமில்லை என்று பிரதமர் எய்சாகு சாட்டோவிடமே சொன்னார். அவர் ஒரு ராணுவ அதிகாரியை அறிமுகப்படுத்த, 1965-ல் திருமணம் நடந்தது. அணியில் கசாய்க்குப் பின் வந்தவர்களும் தோற்காமல் ஆட, ஆலை அணியின் தொடர் வெற்றி 1966-ல் 258-இல் போய் நின்றது.

2008-ல் சர்வதேச வாலிபால் புகழ் மண்டபத்தில் கசாயின் பெயர் சேர்க்கப்பட்டது. 2013 அக்டோபரில், 80 வயதில் அவர் காலமானார். அதற்கு முன்பே, 2000-த்தில், பழைய ஆலை அணி டோரே என்ற இன்னொரு ஜவுளி நிறுவனத்தின் கைக்கு மாறியிருந்தது. டோரே ஆரோஸ் என்ற பெயரில் அது ஜப்பானிய லீக்கில் தொடர்ந்து ஆடியது.