நாளை என்ற ஒரு சொல்

இரவுச் சாப்பாடு முடிந்து ஊர் அடங்கிய நேரம். பாகவதர் கதை சொல்கிறார். சொல்லிக்கொண்டே வரும்போது பேச்சு நீண்டு பாட்டாகிறது; பாட்டு ஓய்ந்ததும் கதை தொடர்கிறது. கையில் சிப்ளாக்கட்டை. சலங்கை கோத்த இரண்டு மரத்துண்டுகள், ஒரே கை விரல்களுக்குள் மோதித் தாளம் போடும். இதுதான் தஞ்சாவூர்க் கதாகாலட்சேபம்.

மராத்தியர் ஆண்ட தஞ்சைக்கு வந்த கீர்த்தன் மரபிலிருந்து சாகி, திண்டி, அபங்கம் முதலிய மெட்டுகளை எடுத்து, கர்நாடக சங்கீதத்தோடு இழைத்து இதற்கு உருவம் தந்தவர், 19-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த தஞ்சாவூர் கிருஷ்ண பாகவதர்.

அவருக்கு முன்பே இந்த மண்ணில் ஒரு கதை பாட்டாகிவிட்டது. நாகப்பட்டினத்துக்கு அருகே நரிமணத்தில் பிறந்த கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் சரித்திரம். சேரியில் பிறந்த சிவனடியார் நந்தனாரின் கதை அது. பெரியபுராணத்தில் நந்தனை அதட்டும் ஆண்டை இல்லை. பாரதியார்தான் அந்த ஆண்டையை ஒரு வேதியராகக் கொண்டுவந்தார். சிவனைக் காணச் சிதம்பரம் போக உத்தரவு கேட்கிறான் பண்ணையாள் நந்தன். நாற்பது வேலி நிலத்தையும் விளைவித்து அறுத்துவிட்டுப் போ என்கிறார் ஆண்டை. 40 வேலி என்றால் ஏறக்குறைய 260 ஏக்கர். குறுவைக்கே 100 நாளுக்கு மேல் வேண்டும் என்பது காவிரி டெல்டாக்காரருக்குத் தெரியும். அந்த வேலை சிவனருளால் ஒரே இரவில் முடிகிறது.

நூலுக்குச் சிறப்புப்பாயிரம் கேட்டு மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாரதியார் பலமுறை நடந்தார். இலக்கணப் பிழைகளைக் கண்ட பிள்ளைக்கு மனம் வரவில்லை. ஒரு நாள் அவர் உள்ளே படுத்திருக்க, திண்ணையில் உட்கார்ந்து பாரதியார் பாடத் தொடங்கினார். கேட்கக் கேட்கப் பிள்ளை உருகிப்போனார், பாயிரமும் கிடைத்தது. ஏட்டில் மறுக்கப்பட்டது காதில் வென்றது.

காவிரி டெல்டாவின் வயல் பாட்டானதுபோல, அமெரிக்காவின் மிசிசிப்பி டெல்டாவில் பருத்திக்காட்டிலும் ஓர் இசை பிறந்தது. அதுதான் ப்ளூஸ். ஆனால் அங்கே வயலில் வெந்த கறுப்பின மக்களே தங்கள் துயரத்தைப் பாடினார்கள். இங்கே நந்தன் கதையை எழுதியவர் பிராமணர். காலட்சேபம் நடந்த பல இடங்களில் சேரி மக்களுக்கு உட்கார இடம் இருந்ததில்லை. இதையும் சொன்னால்தான் வரலாறு முழுமையாகும்.

1935-இல் கே.பி. சுந்தராம்பாளும் 1942-இல் தண்டபாணி தேசிகரும் நந்தனாராகத் திரையில் வந்தபோது, மண்டபத்தைத் தாண்டிக் கொட்டகைக்குப் போனது அந்தப் பாட்டு.

நாளைக்குப் போவேன் என்று சொல்லிச் சொல்லியே திருநாளைப்போவார் ஆனவர் நந்தனார். உத்தரவு கிடைக்காதவன்தான் நாளையை எண்ணி நாளை ஓட்டுவான். அடுத்த முறை இந்தக் கதையைக் கேட்கும்போது ராகத்தோடு நின்றுவிடாதீர்கள். அந்த ‘நாளை’க்குள் இருக்கும் காத்திருப்பையும் கேளுங்கள்.