பழைய மோட்டாரும் புதிய விலையும்

அமெரிக்க தேசத்து மோட்டார் வர்த்தகத்தில் வழங்கிய ஒரு சூதை மட்டும் இன்று எடுத்துக்கொள்கிறோம். பழைய வண்டியைக் கொடுத்துப் புதியது வாங்க வருவோனிடம், வர்த்தகன் பழையதற்கு அதிக விலை தருவதாக முகமலர்ந்து சொல்வான். அத்தொகையையோ புதிய வண்டியின் விலையில் முன்னரே ஏற்றி வைத்திருப்பான். நூறு டாலர் கூடக் கிடைத்ததென்று மகிழ்ந்தவன் இருநூறு கூடக் கொடுத்துச் செல்வான். இரு விலைகளையும் தனித்தனியே பேசி, கையிலிருந்து போகும் வித்தியாசத்தையே கவனித்தல் வேண்டும். பழைய நகையை மாற்றிப் பழகிய நம் ஸ்திரீகளுக்கு இதனை நாம் சொல்லவேண்டுவதில்லை!

ஒக்லஹோமா செனட்டர் மன்ரோனியின் முயற்சியால் 1958-இல் பிறந்த சட்டம், உற்பத்தியாளர் குறித்த விலையைப் புதிய வண்டியின் கண்ணாடியிலேயே ஒட்டச் செய்தது. எனினும் அது குறிப்பு விலையே, கட்டாய விலையன்று. ஆகையாற்றான் 2021-இல் மின்னணுச் சில்லுத் தட்டுப்பாட்டால் வண்டிகள் அருகியபோது, வர்த்தகர் பலர் அதற்குமேலும் ஆயிரக்கணக்கான டாலர் கேட்டனர், அவசரமுடையோர் கொடுத்தனர்.