அட்டைக்குக் காவல்

(தாம்பரம் சுற்றுவட்டார ஊராட்சி உறுப்பினர்கள், விவசாயிகள் கூட்டமொன்றில் நிகழ்த்திய உரை)



முன்னாளில் நம்மவர் செல்வம் குதிரிலும் பெட்டியிலும் இருந்தது. இன்று அதன் பெரும்பகுதி வங்கிக் கணக்கில் இருக்கிறது. அக்கணக்கின் சாவியோ உள்ளங்கையில் அடங்கும் ஓர் அட்டையாக இருக்கிறது. ‘கிரெடிட் கார்டு’ என்பது பட்டணத்து உத்தியோகஸ்தர்களின் விஷயம், நமக்கென்ன என்று எண்ணுவோர் இன்னும் உளர். 1998-ஆம் ஆண்டிலேயே விவசாயக் கடன் அட்டைத் திட்டம் நம் நாட்டில் தொடங்கப்பட்டுவிட்டது. 2023 செப்டம்பர் 15 அன்று காஞ்சிபுரத்தில் மகளிர் உரிமைத் தொகைத் திட்டம் தொடங்கப்பட்டபோது, பெண்களுக்கு மேடையிலேயே ஏ.டி.எம். அட்டைகள் வழங்கப்பட்டன. ஆகவே அட்டைக்குக் காவல் என்பது இன்று ஊராட்சியின் கவலையும் ஆகும்.

நம் வட்டாரத்தில் இக்கவலை சற்று அதிகம். 2021 நவம்பரில் ஐந்து நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் இணைந்து தாம்பரம் மாநகராட்சி ஆயிற்று. அதனைச் சுற்றியுள்ள ஊர்களோ பாதி கிராமமாகவும் பாதி நகரமாகவும் நிற்கின்றன. கிராமத்துக்குள் புதியவர் ஒருவர் நுழைந்தால் தெருநாய் முதற்கொண்டு கேள்வி கேட்கும். இரயில் நிலையத்தருகே உள்ள பணம் எடுக்கும் இயந்திரத்தின் முன் நிற்கையில், பின்னால் நிற்பவர் யார் எவர் என்று ஒருவருக்கும் தெரியாது. திருடனுக்கு வேண்டியதும் அதுதான்.

அவன் செய்யும் வித்தையைச் சொல்லுகிறோம். முதியவர் ஒருவர் இயந்திரத்தின் முன் தடுமாறுகிறார். “பெரியவரே, கொடுங்கள், நான் எடுத்துத் தருகிறேன்” என்று ஒருவன் மிக்க மரியாதையுடன் அருகில் வருகிறான். அட்டையை வாங்குகிறான், இரகசிய எண்ணைக் கேட்டோ பார்த்தோ தெரிந்துகொள்ளுகிறான். “இயந்திரத்தில் பணம் இல்லை போலும்” என்று கூறி அட்டையைத் திருப்பித் தருகிறான். திருப்பித் தந்தது அதே வங்கியின் வேறொரு அட்டை! பெரியவர் நன்றி கூறி அதை மடியில் முடிந்துகொண்டு வீடு செல்லுகிறார். அடுத்த மாதம் மறுபடியும் இயந்திரத்துக்கு வரும்போதுதான் கணக்கு வழித்துத் துடைக்கப்பட்டிருப்பது தெரிகிறது.

இதற்கு நம் களத்துமேட்டிலேயே ஒரு பழைய வழி உண்டு. நெற்பொலியின்மேல் சாணிமுத்திரை இட்டுவைத்ததை மூத்தவர்கள் அறிவார்கள். அம்முத்திரை திருடனின் கையைப் பிடிப்பதில்லை. ஆனால் எவன் கை வைத்தாலும் குறி கலைந்து, உடனே காட்டிக்கொடுத்துவிடும். அட்டையின் பின்புறம் கையெழுத்துக்கென்று ஒரு வெள்ளைப் பட்டை இருக்கிறது. அதில் அழியாத மையால் கையொப்பமிடுங்கள். எழுதத் தெரியாதவர்கள் தமக்குப் பழக்கமான ஒரு குறியை, கோலப்புள்ளியோ வேல் வடிவமோ, இட்டுக்கொள்ளலாம். அட்டை கைக்கு வந்ததும் குறியைப் பார்த்த பிறகே அங்கிருந்து நகர வேண்டும். காசு செலவில்லாத காவல் இது. ஆனால் இரகசிய எண்ணை மட்டும் அட்டையிலோ அதன் உறையிலோ எழுதி வைக்கக் கூடாது. அது பூட்டிலேயே சாவியைத் தொங்கவிடுவதாகும்.

அந்த எண் ஏன் நான்கு இலக்கமாக இருக்கிறது என்பதற்கு ஒரு சுவையான செய்தி உண்டு. 1967-இல் இலண்டனையடுத்த என்ஃபீல்டில் பணம் வழங்கும் இயந்திரத்தை நிறுவச் செய்த ஷெப்பர்டு பாரன் என்பவர், நம் ஷில்லாங் நகரில் பிறந்தவர். ஆறு இலக்கம் வைக்கலாமென்று அவர் எண்ணியிருக்கிறார். அவர் மனைவியோ நான்குக்கு மேல் நினைவில் நில்லாது என்று கூறவே, நான்காக நிறுத்திக்கொண்டதாக அவரே சொல்லியிருக்கிறார். மறதிக்கு இடங்கொடுத்து அமைத்த பூட்டு. ஆகவே பிறந்த ஆண்டையும் 1234-ஐயும் வைத்து அதை மேலும் தளர்த்தாதிருப்போமாக.

வங்கிகளும் வாளாவிருக்கவில்லை. அட்டையின் எண்ணை மட்டும் கொண்டு இணையவழியே பொருள் வாங்க முடியாதபடி, 2009-இல் ரிசர்வ் வங்கி இரண்டாவதொரு சரிபார்ப்பைக் கட்டாயமாக்கிற்று. எளிதில் நகலெடுக்கக்கூடிய காந்தப் பட்டை மட்டும் கொண்ட அட்டைகளுக்குப் பதிலாகச் சில்லு பதித்த அட்டைகள் வந்தன. 2020-இல் வந்த விதி நம் ஏரி மதகைப் போன்றது. வெளிநாட்டுச் செலவு, இணையச் செலவு, தொட்டுச் செலுத்துதல் ஆகிய ஒவ்வொன்றையும் நாம் வேண்டும்போது திறக்கலாம், மற்ற வேளையில் அடைக்கலாம். ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று அளவும் வைக்கலாம். மாடம்பாக்கம் ஏரியாயினும் மதகை முழுவதும் திறந்துபோட்டு உறங்குவார் உண்டோ? அட்டையில் மட்டும் பலர் அப்படித்தான் உறங்குகிறார்கள். செல்பேசியில் இதைச் செய்யத் தெரியாதவர்கள் வங்கிக் கிளைக்குச் சென்று கேட்கலாம். கேட்பது நம் உரிமை.

நடுவே ஒரு வதந்தியையும் தீர்த்துவிடுவோம். இரகசிய எண்ணைத் தலைகீழாக அழுத்தினால் போலீசுக்குத் தகவல் போகும் என்று ஒரு செய்தி செல்பேசிகளில் உலவுகிறது. அது முழுப் பொய். அதை நம்பி ஆபத்து வேளையில் எவரும் அழுத்திப் பார்க்க வேண்டாம்.

பூட்டுகள் உறுதியாக ஆக, திருடன் பூட்டை விட்டு வீட்டுக்காரரைப் பிடித்துக்கொண்டான். “வங்கியிலிருந்து பேசுகிறோம், உங்கள் அட்டை இன்றோடு முடக்கப்படும், வந்த ஓ.டி.பி. எண்ணைச் சொல்லுங்கள்” என்கிறான். குரலில் அதிகாரமும் அவசரமும் இருக்கும். 2020-இல் பண்ருட்டியில் போலியாக ஒரு வங்கிக் கிளையையே அமைத்துவிட்டார்கள் என்று செய்தி வந்ததே! கிளையையே போலியாக அமைக்கலாமெனில், குரலைப் போலியாக்குவதற்கு என்ன தடை? வங்கிகள் 1600 என்று தொடங்கும் எண்களிலிருந்து வாடிக்கையாளரை அழைக்க வேண்டுமென 2025-இல் ரிசர்வ் வங்கி வகுத்தது நன்றே. ஆயினும் எந்த எண்ணிலிருந்து எவர் அழைத்தாலும், ஓ.டி.பி. கேட்டால் அழைப்பைத் துண்டித்துவிடுவதே சரி.

இங்கு ஒரு வேறுபாட்டை மனத்திற்கொள்ள வேண்டும். 2021 ஜூனில் வேளச்சேரி, தரமணி உட்படச் சென்னையின் பல இடங்களில், வடநாட்டிலிருந்து வந்த ஒரு கூட்டம் பணம் செலுத்தும் இயந்திரங்களை ஏமாற்றிற்று. பணத்தை எடுத்துக்கொண்டே இயந்திரத்தின் வாயில் மூடாதபடி பிடித்து, பணம் எடுக்கப்படவில்லை என்று அதை எண்ணச் செய்தார்கள். அங்கே ஏமாந்தது இயந்திரம், நஷ்டம் வங்கியுடையது. மனிதன் ஏமாந்து தானே எண்ணைச் சொல்லிவிட்டால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரையில் போன பணம் அவனுடைய நஷ்டம். தெரிவித்த பிறகு போகும் பணம் வங்கியின் பொறுப்பு. 2017-இல் ரிசர்வ் வங்கி வகுத்த விதி இது. கூட்டுறவு வங்கிகளுக்கும் அதே ஆண்டில் தனியே வகுக்கப்பட்டது. நம் பிழையோ வங்கியின் பிழையோ இன்றி வேறெங்கோ நேர்ந்த குறையால் பணம் போயிருந்தால், வங்கியின் செய்தி வந்த மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தவருக்கு நஷ்டமே இல்லை. ஏழு நாள் வரையில் ஒரு வரம்புக்குட்பட்ட நஷ்டம். பிழை வாடிக்கையாளருடையது என்று மெய்ப்பிக்கும் கடமை வங்கியைச் சேர்ந்தது. இதை அறியாமல், “உங்கள் தவறுதான்” என்று கூறக் கேட்டுத் திரும்பி வந்தோர் பலர்.

ஆகவே நேரம்தான் பணம். 1930 என்ற எண்ணுக்கு அழைத்தால், பணம் போய்ச் சேர்ந்த வங்கிக்கு உடனே தகவல் போகும். பணம் அங்கிருந்தால் நிறுத்திவைப்பார்கள். அடுத்த கணக்குக்குப் பாய்ந்திருந்தால் அந்த வங்கிக்கும் சொல்லுவார்கள். உடைந்த வாய்க்காலை மேலிருந்து கீழாக அடைத்துக்கொண்டே போவதைப் போன்ற வேலை. சில மணி நேரம் கழிந்தால் தண்ணீர் கடைமடையைத் தாண்டிவிடும்.

ஆனால் நம் மக்கள் ஏன் தாமதிக்கிறார்கள்? எண் தெரியாமையால் மட்டுமன்று, வெட்கத்தினால். “படித்த பிள்ளை கேட்டால் திட்டுவானே” என்று தந்தை மறைக்கிறார். “கணவர் அறிந்தால் என்னாகுமோ” என்று தாய் மறைக்கிறாள். இரவு முழுதும் அழுதுவிட்டு மறுநாள் மாலை ஒருவரிடம் சொல்லும்போது பணம் எங்கோ போய்விட்டது. இந்த வெட்கத்தைப் போக்குவதில் வங்கியினும் ஊராட்சியால் அதிகம் செய்ய முடியும் என்பது நம் துணிபு. ஒவ்வொரு குக்கிராமத்திலும் ஏசாமல், சிரிக்காமல் கேட்கக்கூடிய இருவரை, அவர்களுள் ஒருவர் மகளிர் குழுவைச் சேர்ந்தவராக, கிராம சபையில் தேர்ந்தெடுங்கள். இரவானாலும் அவர்கள் வீட்டுக் கதவைத் தட்டலாம் என்று அச்சபையிலேயே அறிவியுங்கள். முதியவர்கள் பணம் எடுக்கச் செல்லும்போது துணை போகவும் அவர்கள் ஏற்பாடு செய்யலாம். துணை போவார் இரகசிய எண்ணை அறிய வேண்டுவதில்லை, அருகில் நின்றால் போதும்.

அவ்விருவரும் செய்ய வேண்டுவது இவ்வளவே. முதலில் 1930-க்கும், அடுத்து வங்கிக்கும் அழைத்து அட்டையை முடக்கச் செய்தல். இரண்டிடத்தும் புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுதல். செல்பேசியில் வந்த செய்திகளை அழிக்காது வைத்தல். மறுநாட்காலை கணக்குப் புத்தகத்துடன் வங்கிக் கிளைக்கு உடன் சென்று, எழுதிக் கொடுத்த புகாரின் நகலில் தேதியும் முத்திரையும் பெறுதல். முப்பது நாட்களில் வங்கி பதிலளிக்காவிடில், அந்நகலைக்கொண்டே ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு எழுதலாம். அதற்குக் கட்டணம் கிடையாது.